அறுபதாம் கலியாணமும் கால்பந்தும்

உபாத்தியாயர் வேலையில் சம்பளம் எப்படியிருந்தாலும் விடுமுறைக்குக் குறைவில்லை என்று உலகத்தார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே இருக்கட்டும். விடைத்தாள் திருத்துவதும், வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பதும், பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதுமாக அந்த விடுமுறைகள் எங்கே போகின்றன என்பது நமக்கல்லவா தெரியும்? பதினெட்டு வருஷ இல்லறத்தில் நாமும் நமது சகதர்மிணியும் மட்டும், குழந்தைகளைப் பாட்டியிடம் ஒப்புவித்துவிட்டு, நாலு நாள் வெளியூர் போய் வந்தோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பிரயாணமும் இல்லாமலிருந்தது. 2023-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில்தான் அந்தக் குறை தீர்ந்தது. அதுவும் காலாண்டுப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் விடுப்புக் கேட்டு, தலைமையாசிரியரின் முகத்தைப் பார்க்காமல் விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்ததனால்.

காரணம் இதுதான். நமது மைத்துனர், அதாவது மனைவியின் தமையனார், சோபகிருது வருஷத்தில் பிறந்தவர். அறுபது வருஷச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி 2023-ல் மறுபடியும் சோபகிருது வந்து சேர்ந்தது. ஆகவே சஷ்டியப்தபூர்த்தி. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்கு அருகில், தாம் முப்பத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கும் தெருவிலேயே அதை நடத்திக்கொள்வதென்று தீர்மானித்து, தம் கைப்படக் கடிதம் எழுதியிருந்தார். (அந்த நகரத்துக்கு 2001-லேயே கொல்கத்தா என்று பெயர் மாற்றியாகிவிட்டது. மைத்துனரின் கடிதங்களில் மட்டும் அது கல்கத்தாவாகவே இருந்து வருகிறது. நாமும் அவர் வழியையே பின்பற்றுகிறோம்.) கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு: "ஞாயிற்றுக்கிழமை டூரண்ட் கோப்பையின் இறுதி ஆட்டம். தெய்வ சங்கற்பம் இருந்தால் எங்கள் மோகன் பகான் அதில் ஆடும். மாப்பிள்ளை அவசியம் வரவேண்டும்."

அப்படி ஒரு கடிதம் வந்ததே பெரிய காரியம். மைத்துனரின் ஒரே குமாரன் 2019-ல் ஒரு வங்காளிப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். விஷயம் இங்கே எட்டியது நாலு நாள் கழித்து, அதுவும் தொலைபேசியில். "பெண் வங்காளியாயிருந்தால் என்ன, பஞ்சாபியாயிருந்தால் என்ன? கூடப் பிறந்த ஒரே தங்கை, பிள்ளைக்கு அத்தை, என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றாள் நம் மனைவி. அவளுடைய வருத்தத்துக்கு முதற்காரணம் வங்காளியா, வார்த்தையா என்று விசாரிக்க நாம் துணியவில்லை. அண்ணனும் சமாதானம் சொல்லவில்லை. தங்கையும் வரவேற்புக்குப் போகவில்லை. பிறகு நாலு வருஷம், பொங்கலுக்கு ஒரு பேச்சு, தீபாவளிக்கு ஒரு பேச்சு. இரண்டுமே கால் நிமிஷத்தில் முடிந்துவிடும்.

2023 ஜூன் 2-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு, கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிஷாவில் பாலசோருக்கு அருகே கவிழ்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. வருஷா வருஷம் ஜூன் மாதம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க மைத்துனர் ஊருக்கு வருவது வழக்கம். வருவது அந்த ரயிலில்தான். முன்னெல்லாம் எந்தத் தேதி, எந்தப் பெட்டி, எத்தனை முறுக்கு வேண்டும் என்பதுவரை தங்கைக்குத் தகவல் வந்துவிடும். நாலு வருஷமாக அந்த வழக்கம் நின்று போயிருந்தபடியால், அவர் அன்றைக்கு வீட்டில் இருந்தாரா, ரயிலில் இருந்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது. மனைவி மூன்று தடவை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவை ஒரு பெண் குரல் கேட்டது.

"ஒத்தை?"

வங்காளிகள் வாயில் நம்முடைய அகரம் பெரும்பாலும் ஒகரமாகிவிடும். அது "அத்தை" என்று விளங்க ஒரு விநாடி ஆயிற்று. "அப்பா வீட்டில்தான் இருக்கிறார், அத்தை. மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறார். எழுப்பட்டுமா?" என்றது குரல். "வேண்டாம், தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, டெலிபோனைக் கீழே வைக்கவும் மறந்து, நம் மனைவி நெடுநேரம் அழுதாள். அந்தப் பெண்ணோடு அவள் பேசிய முதற்பேச்சு அதுதான்.

விமானத்தில் வந்துவிடுங்கள் என்று மைத்துனர் எழுதியிருந்தார். "அண்ணா எதில் வருவானோ அதிலேதான் நானும் போவேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். ஆகஸ்டு 30-ஆம் தேதி காலை சென்னை சென்ட்ரலில் கோரமண்டலில் ஏறினோம். 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. ஒரு பகலும் ஓர் இரவும் போதாமல் மறுநாள் முற்பகலும் செலவாகிறது. ஆந்திர தேசத்து வயல்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை கல்கத்தா போய்ச் சேராது. ராஜமகேந்திரபுரத்தில் கோதாவரிப் பாலத்தைக் கடக்க ரயிலுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றென்றால், எதிர் ஆசனத்துப் பெரியவர் ஒருவர் அதற்குள் ஓர் ஆரஞ்சை உரித்துத் தின்று முடித்துவிட்டார். அது போதும்.

மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் பெட்டியில் பேச்சு அடங்கிற்று. யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். பஹனகா பஜார் ஸ்டேஷன். சிறிய ஸ்டேஷன்தான், எங்கள் ரயில் அங்கே நிற்கவில்லை. அன்று கோரமண்டல் நேர்வழியை விட்டுப் பக்கத்துத் தண்டவாளத்தில் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதிற்று. தெறித்து விழுந்த பெட்டிகளின்மேல், எதிர்த்திசையில் ஹௌராவை நோக்கி வந்த பெங்களூர் வண்டியும் மோதிக்கொண்டது. இறந்தவர்கள் 290 பேருக்கு மேல். சுற்று வட்டாரத்து ஜனங்கள்தான் முதலில் ஓடிவந்து இருட்டில் ஆட்களை வெளியே இழுத்தார்கள். ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றார்கள்.

இவையெல்லாம் பத்திரிகையில் படித்தவை. நம் நெஞ்சில் அன்று முதல் தைத்திருந்தது வேறொன்று. இறந்தவர்களைக் கிடத்த இடமில்லாமல் அவ்வூர் உயர்நிலைப் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் கிடத்தினார்கள். பிறகு பிள்ளைகள் அந்த அறைகளுக்குள் வர அஞ்சியதனால், கழுவிச் சுத்தம் செய்தும் பயனில்லை என்று அந்தக் கட்டடத்தையே இடிக்கத் தொடங்கினார்கள். கரும்பலகையும் பெஞ்சியுமாய் இருபது வருஷம் கழித்த நமக்கு, எந்த வகுப்பறையை நினைத்தாலும் நம்முடைய வகுப்பறைதான் கண்முன் வருகிறது. ரயில் ஸ்டேஷனைத் தாண்டிய பிறகும் மனைவி கூப்பிய கையைப் பிரிக்கவில்லை.

கோரமண்டல் இப்போது ஹௌராவுக்குப் போவதில்லை. 2022 முதல் அதற்கு அடுத்த ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. மேடையில் மைத்துனர் நின்றிருந்தார். முன்பு பார்த்ததைவிடப் பாதி உடம்பு. அவருக்குச் சற்றுப் பின்னால், சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில், சங்கு வளை அணிந்த ஒரு பெண். இவர்கள் என்ன பேசிக்கொள்வார்களோ என்று நாம் மூட்டையும் கையுமாய்த் தவித்துக்கொண்டிருந்தோம்.

"ரயில் அரைமணி தாமதம்" என்றார் அண்ணன்.

"ஆமாம், கரக்பூரில் நிறுத்திவிட்டான்" என்றாள் தங்கை.

நாலு வருஷத்துப் பிணக்கு ரயில்வே கால அட்டவணையில் முடிந்தது என்று அப்போது எண்ணினோம். அவ்வளவு சுலபமாக முடியவில்லை என்பது வீட்டுக்குப் போனபின் தெரிந்தது. நம் மனைவி மருமகளோடு மரியாதையாகத்தான் பேசினாள். கொஞ்சம் அதிக மரியாதையாகவே பேசினாள். "நீங்கள் உட்காருங்கள்" என்று சொந்தத் தமையன் மருமகளை அத்தையே பன்மையில் அழைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை நேயர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

லேக் மார்க்கெட் ஒரு விசித்திரமான பேட்டை. வங்காளத் தலைநகரின் நடுவே முருங்கைக்காயும் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் தொடுத்த மல்லிகையும் வாங்கலாம். பேரமும் தமிழிலேயே நடக்கும். ஆபீஸ் உத்தியோகத்துக்கென்று வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தெருக்களில் வாழ்ந்திருக்கின்றன. மைத்துனரும் 1985-ல் ஒரு தகரப் பெட்டியோடு இங்கே வந்தவர்தான். மூன்று வருஷத்தில் சென்னைக்கு மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று தாயாரிடம் சொல்லிவிட்டு வந்தாராம். அந்த அம்மாள் காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று மாலையே ஒரு கலவரம். மோகன் பகான் அரையிறுதியில் கோவாவை 2-1 என்று ஜயித்துவிட்டது. மைத்துனரும் குமாரனும் டெலிவிஷனுக்கு முன்னால் குதித்தார்கள். மருமகள் மாத்திரம் சமையலறையில் பாத்திரத்தைச் சற்றுச் சப்தமாக வைத்தாள். விசாரித்ததில், அவள் ஈஸ்ட் பெங்கால் கட்சி என்று தெரிந்தது. அந்தக் கட்சியோ இரண்டு நாள் முன்னதாகவே இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. தோற்க இருந்த அரையிறுதியில் கடைசி நிமிஷங்களுக்கும் அப்பால் ஒரு கோல் போட்டுச் சமன் செய்து காப்பாற்றியவர் நந்தகுமார் சேகர். சென்னைப் பிள்ளை! ஆகஸ்டு 12-ஆம் தேதி இதே போட்டியில் மோகன் பகானைத் தோற்கடித்த ஒற்றைக் கோலும் அவர் போட்டதுதான். அதற்குமுன் ஈஸ்ட் பெங்கால் இந்தப் பகையாளியிடம் தொடர்ந்து எட்டு ஆட்டம் தோற்றிருந்ததாம்.

"நம் ஊர்ப் பிள்ளை என்றால் நான் இந்தப் பெண் பக்கம்தான்" என்று நம் மனைவி அறிவித்தாள். அண்ணனைச் சீண்டுவதற்காகச் சொன்னாளோ என்னவோ. ஆனால் "நீங்கள்" போய் "இந்தப் பெண்" வந்ததை நாம் கவனித்தோம்.

மறுநாள் விடியற்காலம் மனைவி கோலமாவுச் சம்புடத்தோடு மொட்டை மாடிக்குப் போனாள், ஹோமம் அங்கேதான். போனவள் படியிலேயே நின்றுவிட்டாள். மருமகள் அதற்கு முன்பே எழுந்து, அரிசியை அரைத்துக் கரைத்து, துணித்துண்டை அதில் தோய்த்து விரலால் பிழிந்து பிழிந்து தரை முழுவதும் தாமரையும் கொடியுமாக எழுதியிருந்தாள். அவர்கள் பாஷையில் அதற்கு ஆல்பனா என்று பெயர். நம்முடைய மாக்கோலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். புள்ளி இல்லை, கணக்கு இல்லை. கை போன வழியே கொடி போகிறது. மனைவி சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே போய், எங்கிருந்தோ காவிக்கட்டி தேடிக் கரைத்துக்கொண்டு வந்து, அந்தத் தாமரைகளைச் சுற்றி நாலு பக்கமும் செம்மண் கரை இழுத்தாள். "செம்மண் இல்லாமல் மங்கள காரியம் உண்டா?" என்றாள். "தெரியாது, அத்தை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை" என்றாள் அந்தப் பெண். அதற்கு மனைவி பதில் சொல்லவில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது. புரோகிதர் அவசரப்படவில்லை, பாயசம் நீர்க்கவில்லை. வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமை ஊர் சுற்றினோம். விக்டோரியா ஞாபக மண்டபம் 1921-ல் திறந்தது, மக்ரானாச் சலவைக்கல், படத்தில் பார்க்கிறபடியே இருக்கிறது. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. எல்ஜின் ரோடில் நேதாஜியின் வீடு அப்படியல்ல. 1941 ஜனவரி 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, வீட்டுக் காவலிலிருந்த சுபாஷ் பாபு இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு வேஷத்தில் கீழே இறங்கி வந்து காரில் ஏறினார். ஓட்டியவர் அண்ணன் மகன் சிசிர். ஜெர்மன் தேசத்து வாண்டரர் கார். அது இன்றைக்கும் அங்கே நிற்கிறது. விடிய விடிய ஓட்டிப்போய், அடுத்த இரவு கோமோ ஸ்டேஷனில் ரயிலேற்றினார்கள். பிறகு பெஷாவர், காபூல், பெர்லின், சிங்கப்பூர். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அவருடைய படையில் சேர்ந்தார்கள். ஜான்ஸி ராணிப் படைக்குத் தலைமை வகித்த காப்டன் லக்ஷ்மி சென்னையில் பிறந்து வளர்ந்தவர். அந்தச் சிறிய காரைப் பார்த்தபோது, எத்தனை தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளின் தலையெழுத்து இதில் ஏறிப் போயிற்று என்று தோன்றிற்று.

அவர் புறப்பட்டுப் போகும் விஷயம் அந்தப் பெரிய வீட்டில் ஒரு சிலருக்குத்தான் தெரியும் என்று மைத்துனர் விவரித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டாருக்குச் சொல்லாமல் காரியம் செய்வது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது" என்றாள் நம் மனைவி.

மைத்துனர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்தபின் கேட்டார்: "சொல்லியிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?"

"வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்."

"அதற்குத்தான் பயந்தேன்."

"வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் அழுதுவிட்டு, மூன்றாம் நாள் புடவை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்த மூன்று நாளை நீ எனக்குக் கொடுக்கவில்லையே, அண்ணா!"

நாம் எதிரே போன டாக்ஸியைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் அம்பாஸிடர். அந்தக் கார் உற்பத்தியை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள் என்றாலும் கல்கத்தாத் தெருக்களில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் மைத்துனர் 1911-ஆம் வருஷத்துக் கதையைச் சொன்னார். அவர் அதை எத்தனையாவது தடவை சொல்கிறார் என்பது குமாரனின் முகத்தில் தெரிந்தது. ஜூலை 29-ஆம் தேதி. ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டம். எதிரிகள் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டு வெள்ளைச் சிப்பாய்கள். மோகன் பகானின் பதினொருவரில் பூட்ஸ் அணிந்தவர் ஒருவரே. மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். முதற் கோல் வெள்ளையருக்கு. பிறகு காப்டன் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோல் போட்டார். மைதானத்துக்குள் இடமில்லாத ஜனங்களுக்குப் பட்டம் விட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்கள் என்று சொல்வார்கள். 1905-ல் கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாக வெட்டினார் அல்லவா? அந்தக் காயம் ஆறாத காலம். வெறுங்காலால் பூட்ஸ் காலை ஜயிக்க முடியும் என்பதைத் தேசம் அன்று கண்ணால் கண்டது. அதே வருஷம் டிசம்பரில் பிரிவினையும் ரத்தாயிற்று.

"அந்தப் பிரிவினையை ரத்து செய்தார்கள், அப்பா. அடுத்ததை யார் ரத்து செய்தார்கள்?" என்றாள் மருமகள்.

அவளுடைய பாட்டனார் பாரிசால் ஜில்லாவைச் சேர்ந்தவர். அது இப்போது பங்களாதேசத்தில் இருக்கிறது. 1950-ல் அங்கே கலகம் நடந்தபோது, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்து, தெற்கே அகதிகள் எழுப்பிய குடியிருப்பு ஒன்றில் மூங்கில் தட்டி கட்டிக்கொண்டு வாழ்ந்தார். ஈஸ்ட் பெங்கால் கிளப் அதற்கும் முந்தியது; 1920-ல், ஓர் ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்ட சச்சரவிலிருந்து பிறந்தது. ஆனால் 1947-க்குப் பிறகு வந்த லட்சக்கணக்கான ஜனங்களுக்கு அந்தப் பெயர் வேறு பொருள் கொடுத்துவிட்டது. கிழக்கு வங்காளம் என்ற தேசம் பூகோளப் படத்தில் அந்தப் பெயரோடு இல்லாமற் போயிற்று. கால்பந்து மைதானத்தில் மட்டும் இருந்தது. "தாத்தா ஊரைப்பற்றி ஒரு நாளும் பேசமாட்டார், மாமா. ஆட்டத்தன்று காலையில் இருக்கிற ஒரே நல்ல சட்டையைத் தாமே இஸ்திரி போட்டுக்கொள்வார். எங்கே போகிறீர்கள் என்று பாட்டி கேட்டால், வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்பார்" என்றாள் அந்தப் பெண்.

நம் மனைவி அண்ணனைப் பார்த்தாள். மைத்துனர் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், விற்றுப்போன பழைய வீட்டுத் தெருவில் இவர் ஒரு நடை தனியாகப் போய் வருவது வழக்கம். அது எங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 3. டிக்கெட்டு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மைத்துனரின் சிநேகிதர் ஒருவர் மூலம் மோகன் பகான் பக்கத்தில் இரண்டும், பெண்ணின் சித்தப்பா மூலம் ஈஸ்ட் பெங்கால் பக்கத்தில் மூன்றும் கிடைத்தன. சால்ட் லேக் மைதான வாசலில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பச்சையும் அரக்குச் சிவப்புமாக அண்ணனும் குமாரனும் ஒரு திசையில் போனார்கள். சிவப்பும் பொன்னிறமுமாக அந்தப் பெண் எங்கள் இருவரையும் வேறு திசையில் அழைத்துப்போனாள். கட்டுப்பெட்டியான நம் மனைவியின் தோளில் சிவப்பும் பொன்னிறமுமான ஒரு துண்டு! அதை நாம் எதிர்பார்க்கவில்லை.

1984-ல் திறந்த மைதானம் அது. 1997-ல் இவ்விரு கட்சிகளும் மோதியபோது 1,31,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் அதில் அடைந்து கிடந்தார்களாம். பிற்பாடு ஆசனங்கள் போட்டுக் கூட்டத்தைக் குறைத்திருக்கிறார்கள். குறைத்த பிறகே காது இப்படி அடைத்துப்போகிறதென்றால் முன்னே எப்படி இருந்திருக்கும்? நாங்கள் சென்னை என்று தெரிந்ததும் முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பி, "நந்தா! நந்தா!" என்று கோஷமிட்டார்கள். அந்தக் கோலை நாமே போட்டது போல் ஒருவர் நம் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாமும் மறுக்கவில்லை.

டூரண்ட் கோப்பை 1888-ல் சிம்லாவில் வெள்ளைச் சிப்பாய்களுக்கென்று ஆரம்பித்த பந்தயம். 1940-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் வந்துதான் அதை முதன்முதலாக இந்தியர் கைக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் தலைக்குப் பதினாறு தடவை அதை வென்றிருந்தன. முதற் பாதியில் கோல் இல்லை. ஆட்ட நுணுக்கம் நமக்குத் தெரியாது; பந்து எங்கே போகிறதென்பதை ஜனங்களின் தலையைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். 62-ஆம் நிமிஷம் மோகன் பகானின் அனிருத் தாபாவுக்குச் சிவப்பு அட்டை. எங்கள் பக்கம் கடல் பொங்கிற்று. எதிரிக்குப் பத்துப் பேர்தான். இனி நம்முடையதுதான் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். நமக்கு மாத்திரம் முந்திய இரவு கேட்ட கதையின் வெறுங்காற்காரர் பத்துப் பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். சொன்னால் உதை விழும் என்று சும்மா இருந்தோம்.

71-ஆம் நிமிஷம். ஆஸ்திரேலியாக்காரர் டிமிட்ரி பெட்ராடோஸ் பந்தைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்து, தூரத்திலிருந்தே இடது காலால் அடித்தார். வலை அசைந்ததைப் பார்த்தோம். எங்கள் பக்கம் அவ்வளவு பேரும் ஒரே சமயத்தில் ஊமையானதும், எதிர்ப்பக்கத்து இரைச்சல் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தது. மீதி நேரமெல்லாம் ஈஸ்ட் பெங்கால் முட்டி மோதிப் பார்த்தது. பயனில்லை. 1-0. கோப்பை பதினேழாவது தடவையாக மோகன் பகானுக்குப் போயிற்று.

பக்கத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். கணக்கு உபாத்தியாயினி, எட்டாம் வகுப்பை ஒரு பார்வையில் அடக்குகிறவள், குழந்தையைப்போல் அழுதாள். விளையாட்டுத்தானே என்று நாம் ஆரம்பித்தோம். மனைவி நம்மை ஒரு பார்வை பார்த்தாள்; நிறுத்திக்கொண்டோம். அவள் துண்டின் நுனியால் அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்து, "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், வாடி" என்றாள்.

வாசலில் அண்ணன் காத்திருந்தார். தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை. இந்த ஊர் வழக்கப்படி ஈஸ்ட் பெங்கால் ஜயித்தால் இலிஷ் மீனும், மோகன் பகான் ஜயித்தால் இறாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டுமாம். மைத்துனரோ சுத்த சைவம். ஆகவே வழியில் டாக்ஸியை நிறுத்தி ஒரு பெட்டி சந்தேஷ் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் முதல் துண்டை எடுத்து மருமகளிடம் நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் நீட்டின கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அறுபது வயது ஆன மனிதர், ஒரு தட்டோடு, ஒரு நிமிஷத்துக்கு மேல். கடைசியில் அவள் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். "நாலு வருஷத்துக்கு முன்னால் இப்படி என் வாசலில் வந்து நின்றிருக்கலாம்" என்று நம் மனைவி சொன்னது, மெதுவாகத்தான் என்றாலும், அவர் காதில் விழுந்திருக்கவேண்டும். அடுத்த துண்டு அவளுக்கு வந்தது.

திங்கட்கிழமை பகலில் கரியாஹாட்டில் டிராம் ஏறி எஸ்பிளனேடு போனோம். 1873-ல் குதிரை இழுத்து, 1902-ல் மின்சாரம் கண்ட டிராம். நம் சென்னை டிராமை 1953-ல் நிறுத்தியாயிற்று. நாங்கள் ஏறியதும் கடைசிக் காலத்து வண்டி என்பது பின்னால்தான் தெரிந்தது. மைதானத்து ஓரமாக ஒரு சிறு வழி தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிடப் போவதாக 2024-ல் அறிவித்தார்கள். அதே 2024-ல் ஹூக்ளி நதிக்கு அடியில் ரயிலும் விட்டுவிட்டார்கள். மாலையில் ஹௌரா பாலத்தின்மேல் நடந்தோம். 1943-ல் திறந்தது, 26,500 டன் இரும்பு, பெரும்பகுதி டாட்டாவின் உருக்கு, மரையாணி ஒன்றுகூட இல்லாமல் முழுவதும் தறையாணி அடித்தே பொருத்தியது. பாலத்தடியில் பூச்சந்தை. நம் மனைவியும் அந்தப் பெண்ணும் சாமந்தி மாலைகளுக்கு நடுவே போய்விட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒரே கூடையோடு திரும்பினார்கள்.

இரவு ஹௌராவிலிருந்து சென்னை மெயில். மைத்துனர் மேடையில் ஒரு தடவைக்கு மூன்று தடவையாகப் பெட்டி எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார். "பாலசோர் தாண்டினதும் சொல்" என்றார். "அது விடியற்காலம் மூன்று மணி, அண்ணா. நீ தூங்கு" என்றாள் இவள். "மாத்திரை போட்டுக்கொள்ளப் போவதில்லை" என்றார் அவர்.

நமக்கு விழிப்பு வந்தபோது பெட்டி இருட்டாயிருந்தது. எதிர்ப் படுக்கையில் மனைவி உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிறிய ஸ்டேஷனின் விளக்குகள் வேகமாய்ப் பின்னுக்குப் போயின. அவள் டெலிபோனை எடுத்தாள். மணி ஒரு தடவைகூட முழுவதும் அடிக்கவில்லை.

"தாண்டிவிட்டது, அண்ணா" என்றாள்.